அந்த ஆள் என்ன கத்துகிறார்?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டுக் கால்பந்து அணியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சீனாவின் செங்டு நகரத்துப் பூங்காவுக்குள், குளத்தங்கரையில், வென் அக்காவின் டீக்கடையில் நான் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் இது உண்மை. எழுந்து நாலு அடி நடந்துவிட்டால், வீட்டுச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் மேசையில் மூன்று பேர். லுவோ, பள்ளிக்கூடத்தில் வடிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சூரியகாந்தி விதைகளை மேசையில் பரப்பி நம் அணியை நிறுத்துவார், எதிரணிக்கு வேர்க்கடலை. கோணம் பார்த்துப் பார்த்து விதைகளை நகர்த்துவார். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் பேச்சு மும்முரத்தில் யாராவது ஒருவர் எங்கள் பின்வரிசையை எடுத்துக் கொறித்துவிடுவார். அடுத்தவர் பாங், முடி திருத்துகிறவர். அவருக்கு வியூகம் கியூகம் எல்லாம் தேவையில்லை, ஆட்டக்காரன் தலையைப் பார்த்தால் போதும். வாரத்துக்கு ஒரு தரம் தலைக்குச் சாயம் பூசுகிறவன் பந்துக்காகத் தலையைக் கொடுப்பானா என்று கேட்பார்.

மூன்றாவது ஆள் நான், கெங். முப்பத்தோரு வருஷம் வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர் கூவியவன். ஒலிபெருக்கி பழுதான நாட்களிலும் என் வண்டி ஒன்றுகூடக் காலியாகப் போனதில்லை. இப்போது குரல் விரிசல் விட்ட பானை மாதிரி ஆகிவிட்டது, சத்தம் மட்டும் குறையவில்லை. கால்பந்து விமர்சனத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான்.

நூற்று நாற்பது கோடிப் பேரில் பந்தை உதைக்கப் பதினோரு பேர் கிடைக்கவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கிடைக்காமல் என்ன? எங்கள் மேசையில் ஒரு பதினோரு பேர் தயாராக இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் சீட்டாடுகிறவர்களிடம் வேறு பதினோரு பேர். மேசை மேசையாக வந்து காசுக்குக் காது குடைந்துவிடுகிறவரிடம் கேட்டால் அவரும் ஒரு பட்டியல் நீட்டுவார். இந்தப் பட்டியல் எதிலும் இல்லாத பதினோரு பேரைத் தேடிப் பிடித்து இறக்குவதுதான் கோச்சின் வேலை என்று நாங்கள் நம்பினோம்.

அப்போதைய கோச் உருகுவேக்காரர். வாயை மூடும் அளவுக்கு வெள்ளை மீசை. பெயர் நாலு முழம் நீளம் என்பதால் நாடு முழுக்க அவருக்கு 'மீசை' என்றே பெயர். அவர் மேல் எங்களுக்கு இரண்டு வழக்கு. ஒன்று, முப்பத்தைந்து வயது எட்டாம் நம்பரை விடாமல் ஆடவைப்பது. அவன் ஓடுவதைப் பார்த்தால் கறிகாய்ப் பை தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் மாதிரி இருக்கும். இரண்டு, உள்ளூரில் ஆடும்போதும் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்துவது. "வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே கதவுக்கு அஞ்சு பூட்டு போடுறவன இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார் பாங். அந்த வாரம் முழுக்க நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சொல் உண்டு: ஷியா-கே. 'வகுப்பு முடிந்தது' என்று பொருள். பள்ளியில் மணி அடித்ததும் வாத்தியார் சொல்வது. மைதானத்தில் நாங்கள் கத்தினால், கோச்சே, மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். இந்தச் சொல்லைப் பந்தாட்டத்துக்குக் கொண்டுவந்ததே நாங்கள்தான் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். முதன்முதலில் கத்தியது நான்தான் என்று சொல்லிக்கொள்கிறவர்களை மட்டும் உட்காரவைத்தாலே அந்த மைதானம் போதாது. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான். உண்மையில் அன்றைக்கு நான் பேருந்து நிலையத்தில் லெஷான் வண்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மைதானம் இல்லாத நாட்களில் எங்கள் மேசைக்கு வேறு முறை உண்டு. இங்கே டீ மூடி போட்ட கிண்ணத்தில்தான் வரும். மூடியைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்துப் போட்டால், குடித்தாயிற்று, எடுத்துக்கொண்டு போகலாம் என்று பொருள். நாங்கள் அதையே வாக்கெடுப்பாக்கிவிட்டோம். கோச்சை அனுப்பலாம் என்கிறவர்கள் மூடியைக் கவிழ்க்க வேண்டும். தினமும் மூன்று மூடியும் கவிழும். வென் அக்கா வந்து பாதி டீ மிச்சமிருக்கும் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு போவாள். "ஆளையும் தூக்க மாட்டாங்க, டீயையும் குடிக்க மாட்டாங்க" என்று அவள் முணுமுணுப்பது எங்கள் காதில் விழும்படியாகத்தான் இருக்கும்.

இனி என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

மீசை வாயைத் திறக்கும்போதெல்லாம் தொலைக்காட்சியில் அவர் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். ஒல்லியாக, குட்டை முடியோடு, கையில் சின்னக் குறிப்பேடு. அவர் ஸ்பானிய மொழியில் சொல்வதை அவள் சீன மொழியில் சொல்வாள். பெயர் ரான் யுன். அவள் என் மகள்.

ஒரே மகள். என் குடும்பப் பெயர் கெங், அவள் பெயரில் ஏன் ரான் என்று கேட்கலாம். ரான் என் மனைவியின் குடும்பப் பெயர். பெற்றவள் நான், பெயர் என்னுடையது என்று ஆஸ்பத்திரியிலேயே அவள் சொல்லிவிட்டாள், நான் தலையாட்டிவிட்டேன். பெண்டாட்டி சொல் தட்டாதவனை எங்கள் ஊரில் 'இளகின காது' என்பார்கள். என் காதைப் பிழிந்தால் சாறு வரும்.

எட்டு மாதம் முன்பு அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது நான் வீட்டுக்குள் குதித்தேன். டீக்கடைக்கு ஓடிப்போய்ச் சொல்லத்தான் கிளம்பினேன். பாதி வழியில் நினைவு வந்தது. மீசையிடம் வேலை பார்க்கிறவன் எவனும் மானமுள்ள வீட்டில் பிறந்திருக்க மாட்டான் என்று முந்தின வாரம்தான் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தேன். லுவோவுக்கு ஞாபகசக்தி அதிகம். அது மட்டும் இல்லை. மகள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் என் முன்னால் யாரும் வாய்விட்டுத் திட்ட மாட்டார்கள், நானும் திட்ட முடியாது. திட்டாத கெங்குக்கு அந்த மேசையில் என்ன வேலை? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். எட்டு மாதம் ஓடிவிட்டது. யுன் இதைக் கேட்டுச் சிரித்தாள். "சொல்லாதீங்கப்பா, எனக்கும் அதான் நல்லது" என்றாள். அவள் முகம் கொஞ்சம் வாடியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்று எங்கள் ஊருக்கே வந்தது. எதிரணி பாலைவனத்து நாடு. அதன் மொத்த ஜனத்தொகையும் எங்கள் நகரத்தின் இரண்டு வட்டாரங்களில் அடங்கிவிடும். பாங்கின் வாடிக்கையாளர் ஒருவர் புண்ணியத்தில் எங்களுக்குச் சீட்டு கிடைத்தது. கிடைத்த இடம்தான் வினை: எங்கள் கோச் நிற்கும் கோட்டுக்கு நேர் பின்னால், மூன்றாம் வரிசை. மகள் கண்ணில் படக்கூடாதே என்று தொப்பியை இழுத்துவிட்டேன், கழுத்துத் துண்டை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டேன். குரலுக்குத் தொப்பி போட முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் வாங்கினோம். ஐந்து பேர் பின்னால் நின்றார்கள், ஐந்து பேரும் அந்தக் கோலை நல்ல இடத்தில் நின்று பார்த்தார்கள். அறுபதாவது நிமிஷத்தில் எட்டாம் நம்பர் பந்தை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பதாயிரம் பேரும் ஒரு கணம் சும்மா இருந்தார்கள். அந்த அமைதி என்னைக் கூப்பிட்டது. எழுந்து நின்று, துண்டை இறக்கிவிட்டு, லெஷான் வண்டிக்குக் கூவும் அதே குரலில் விட்டேன்: ஷியா-கே.

லுவோ சேர்ந்துகொண்டார், பாங் சேர்ந்துகொண்டார், பிறகு வரிசை வரிசையாக மொத்த மைதானமும் சேர்ந்துகொண்டது. வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய் அன்றைக்கு மெய்யாகிவிட்டது. முதலில் கத்தியவன் நான்தான். அந்தப் பெருமையில் எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

மீசை திரும்பினார். கூட்டத்தை மேலோட்டமாகப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார், என்னை நோக்கி விரலை நீட்டி யுன்னிடம் ஏதோ கேட்டார். அவளும் திரும்பினாள். துண்டு என் கழுத்தில் தொங்கியது, வாய் திறந்தபடி இருந்தது. அவள் என்னை ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். பிறகு அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, எங்கள் பக்கம் பார்த்துக் கை தட்டினார்.

திமிரைப் பார் என்று பாங் பல்லைக் கடித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்னும் ஓங்கிக் கத்தினேன். மீசை அதற்கும் தலையசைத்துவிட்டு, பின்வரிசைக்காரன் ஒருவனை வெளியே எடுத்து, பத்தொன்பது வயசுப் பையன் ஒருவனை முன்னால் இறக்கினார். எண்பத்து மூன்றாவது நிமிஷம் அந்தப் பையன் முழங்காலில் பட்டுப் பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. காகிதத்தில் இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எங்கள் அணி இருபது வருஷமாகக் குடியிருப்பது அந்தக் காகிதத்தில்தான்.

ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் முன்னால் மீசை உட்கார்ந்தார். உங்களை வெளியேற்றச் சொல்லி மைதானமே கத்தியதே, எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டார். மீசை சொன்ன பதிலை யுன் முகத்தில் அசைவே இல்லாமல் சீன மொழியில் சொன்னாள்: "அப்படி யாரும் கத்தலையே. 'எழுந்து நில்லு'ன்னுதான் கத்தினாங்க. இந்த ஊருக்கு நன்றி."

எழுந்து நில், ஷியோங்-சி. அதுவும் எங்கள் ஊர்ச் சொல்தான், அணியை உற்சாகப்படுத்தக் கத்துவது. அதுவும் இரண்டே அசை. அறை முழுக்கச் சிரிப்பு. விடிவதற்குள் நாடே சிரித்தது. மீசை விரல் நீட்டுவதும், யுன் குனிந்து காதில் சொல்வதும், மீசை கை தட்டுவதும் ஒவ்வொரு கைபேசியிலும் ஓடின. மொழிபெயர்ப்பாளினி கோச்சை ஏமாற்றிவிட்டாள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் மேசையில் லுவோ புதுக் கோட்பாட்டோடு வந்திருந்தார். இத்தனை நாள் நாம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறோம் என்றார். மீசை முன்னேறு என்று சொல்லியிருப்பார், அந்தப் பெண் பின்வாங்கு என்று சொல்லியிருப்பாள். மீசை எட்டாம் நம்பரை எடு என்று சொல்லியிருப்பார், அவள் விடு என்று சொல்லியிருப்பாள். எட்டு மாதத் தோல்விக்கும் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது என்று விதைகளை வைத்து நிரூபித்தார். பாங்கும் அவள் முடிவெட்டைப் பார்த்தபோதே தனக்குச் சந்தேகம் என்றார். நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். ஆறிப்போன டீயை அவ்வளவு நேரம் ஊதியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்போது யுன் வந்தாள்.

அணிக்கு ஒரு நாள் விடுமுறை, அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள். தொப்பி, பெரிய கண்ணாடி. நேற்றிரவு நாடு முழுக்கப் பார்த்த முகம், ஆனால் எதிரே வந்து நின்றபோது என் நண்பர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தொலைக்காட்சியில் இருப்பவர்கள் டீக்கடைக்கு வரமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. யாரைப் பார்க்கணும்மா என்று லுவோ கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டிய நேரம் அது. எத்தனையோ ஊர்ப் பெயர்களை நாள் முழுக்கக் கூவிய வாய் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தே பேச்சை முன்கூட்டிப் பிடிப்பது அவள் தொழில். என் முகத்தில் இருந்ததை அவள் படித்துவிட்டாள்.

"யாரையும் இல்ல மாமா. டீ குடிக்க வந்தேன். இங்க உக்காரலாமா?"

லுவோவுக்கு மாணவி கிடைத்துவிட்டாள். பந்து பாப்பியாம்மா என்று கேட்டார், கொஞ்சம் பார்ப்பேன் என்றாள். அரை மணி நேரம் அவளுக்குத் தேசிய அணியின் வியூகத்தை விளக்கினார். எட்டு மாதமாகத் தேசிய அணியின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறவள், இடது ஓரத்தில் ஒரு சூரியகாந்தி விதை ஏன் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்பதைப் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். ஒரு இடத்தில், அந்த ஆளுக்குக் கணுக்காலில் அடி, அதனால்தான் உள்ளே வருவதில்லை என்று சொல்லிவிட்டாள். அதெல்லாம் பத்திரிகைக் கதை, நம்பாதே என்று பாங் அவளைத் திருத்தினார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்துச் சிரித்துச் செத்திருப்பேன்.

அப்புறம் பேச்சு மொழிபெயர்ப்பாளினிக்கு வந்தது. எந்த அப்பன் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தானோ என்றார் லுவோ. யுன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஓட்டுக்கு விடுவோம்" என்றார் பாங். "அந்தப் பொண்ணுக்கு வகுப்பு முடிஞ்சுதா இல்லியா?"

லுவோ கவிழ்த்தார். பாங் கவிழ்த்தார். அடுத்ததை எப்படிச் சொல்வேன்? யோசித்துச் செய்திருந்தால் அயோக்கியத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் யோசிக்கவே இல்லை. இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. கிண்ணத்துக்குள் மூடி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது என் கிண்ணம் என்று எனக்குத் தெரிந்தது.

யுன் எழுந்தாள். ஆட்டத்தைப் புரியவைத்ததற்கு லுவோவுக்கு நன்றி சொன்னாள். எனக்கும் பாங்குக்கும் சேர்த்து ஒரு தலையசைப்பு. போய்விட்டாள். நல்ல பொண்ணு, குடும்பப் பாங்கு தெரிகிறது என்றார் லுவோ.

மூத்திரம் முட்டுகிறது என்று பொய் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடினேன். மூங்கில் புதர் ஓரமாக, படகு கட்டும் இடத்தில்தான் பிடிக்க முடிந்தது. மன்னித்துக்கொள் என்று கேட்க வந்தவன், எடுத்த எடுப்பில் அவளையே குற்றம் சாட்டினேன். கோச்சிடம் எதற்குப் பொய் சொன்னாய், உன் வேலைக்கே உலை வைத்துக்கொண்டாயே என்றேன். நாளைக்குக் கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறார்கள் என்றாள். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுக்கப்போகிறாளாம், கோச் இருக்கும் வரைக்கும் அவளையும் விட்டுவைப்பார்களாம்.

"நெஜமாவே கேக்கலையா?" என்றேன்.

"அப்பா, மைதானம் என்ன கத்துதுன்னு அவரு கேக்கல. உங்கள காட்டி, அந்த ஆள் என்ன கத்துறாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அது எங்கப்பா, எழுந்து நில்லுன்னு கத்துறாருன்னு சொன்னேன்."

நான் அங்கேயே படித்துறைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பதாயிரம் பேர் நடுவில் அவள் என்னை அப்பா என்று சொல்லியிருக்கிறாள். மூன்று பேர் உட்காரும் மேசையில் நான் அவளை மகள் என்று சொல்லவில்லை. அழுதேன், மறைக்க எதுவும் இல்லை. படகுக்காரர் ஒருவர் டிக்கெட் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து நகர்ந்துவிட்டார். நாளைக்கே மேசையில் சொல்லிவிடுகிறேன் என்று யுன்னிடம் சத்தியம் செய்தேன். அவசரமில்லப்பா என்று சொல்லி, என் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

சொன்னேனா? இல்லை. அடுத்த நாள் லுவோவுக்குப் பல்வலி. அதற்கடுத்த நாள் மழை. மூன்றாம் நாள் எனக்கே நல்ல காரணம் ஒன்று கிடைத்தது, இப்போது அது என்னவென்று நினைவில்லை. இப்படி மூன்று வாரம் போனது. அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சங்கம் வாங்கி வைத்துக்கொண்டது. கோச் நிலைத்தால் அவளும் நிலைப்பாள். ஆகவே வெளிநாட்டில் நடந்த அடுத்த ஆட்டத்தை நான் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மீசைக்காக, அந்த எட்டாம் நம்பருக்காக, பின்னால் நின்ற ஐந்து பேருக்காகக் கும்பிட்டேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு போய்ப் படுத்துவிட்டாள்.

இரண்டுக்குப் பூஜ்யம். தோற்றோம். காகிதத்திலும் இடம் காலியாகிவிட்டது. நாலாம் நாள் மீசையையும் அவருடைய ஆட்களையும் மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் நான் கத்திக் கேட்ட ஒன்று கடைசியில் எனக்குக் கிடைத்தது, என் மகள் வேலையோடு சேர்த்து.

அந்த வாரக் கடைசியில், பகல் பதினோரு மணி இருக்கும், லுவோ அடுத்த கோச் யார் என்பதற்கான பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு நின்றது. சீட்டாட்டம்கூட நின்றது. நிமிர்ந்தேன். மூங்கில் நாற்காலிகளுக்கு நடுவே, யார் காலையும் மிதிக்காமல் பக்கவாட்டில் நடந்து, தோளில் பயணப் பையோடு மீசை வந்துகொண்டிருந்தார். பின்னால் யுன். இந்த முறை தொப்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

பாங்கின் வாயிலிருந்த டீ அவர் சட்டையிலேயே இறங்கிவிட்டது. அன்றைக்கு டீ குடிக்க வந்த பொண்ணு, டிவியில வர்ற பொண்ணு, என்று லுவோ ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கண்டுபிடிக்க ஆரம்பித்து, அவரிடம் பாடம் கேட்டது யார் என்பது உறைத்ததும் மேசை மேலிருந்த விதைகளை உள்ளங்கையால் மெதுவாக மூடிக்கொண்டார்.

மீசை எங்கள் மேசை முன்னால் நின்றார். மைதானத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். அன்றைக்குத் தொப்பியும் திறந்த வாயுமாக இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யுன்னிடம் ஏதோ கேட்டார், சின்னக் கேள்வி. அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்தது. இதில் உன் அப்பா யார் என்று கேட்டிருக்கிறார். பதிலை அவள் என்னிடம் விட்டுவிட்டாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நான்தான்" என்றேன். "இவ என் பொண்ணு."

லுவோ என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. வாய் திறந்துவிட்ட துணிச்சலில் மிச்சத்தையும் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது.

"யுன், அவர்கிட்ட சொல்லு. அன்னிக்கு நான் எழுந்து நில்லுன்னு கத்தல. அவரத் தொரத்தச் சொல்லித்தான் கத்தினேன். மொதல்ல கத்தினதே நான்தான். ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு."

அவள் சொன்னாள். இந்த முறை மாற்றவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. ஷியா-கே என்ற சொல்லை அப்படியே எங்கள் மொழியில் சொல்லி, பிறகு அதற்கு விளக்கமும் சொன்னாள். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். மீசை கேட்டு முடித்தார். பாங் எழுந்து விட்டுக்கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார், மீசையை ஒதுக்கிக்கொண்டார், நிதானமாகப் பேசினார். யுன் குறிப்பேட்டை எடுக்கவில்லை. அவர் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் ஒரு வாக்கியம் சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்னு சொல்றாரு. அவர அஞ்சு நாட்டுல தொரத்தியிருக்காங்களாம். அந்தச் சத்தம் எந்த மொழியில இருந்தாலும் அவருக்குப் புரிஞ்சிடுமாம்."

அப்படியானால் எதற்குக் கை தட்டினார் என்று கேட்டேன். அவள் அதைச் சொன்னாள். மீசை என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். எட்டு மாதம், எத்தனையோ கேமரா முன்னால், ஒரு தடுமாற்றம் இல்லாமல் பேசிய என் மகள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். மீசை காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவ்வளவு பேர் நடுவுல, தன் அப்பாவுக்காக எங்கிட்ட ஒரு பொண்ணு பொய் சொன்னா. நான் கை தட்டினது அவளுக்குத்தான்னு சொல்றாரு."